கம்பளி நனைஞ்சா கல்யாணம்

நாகவல்லி ஊட்ல கடவுள் எல்லார்கிட்டயும் பேசுவாரு. அவகிட்ட மட்டும் பேச மாட்டாரு. அதான் அவளுக்கு பயம்.

நைனாகிட்ட பல்லு தேய்க்கும்போதே பேச ஆரம்பிச்சிடுவாரு. திருநின்றவூர் ஸ்டேஷன்ல ரயிலு லேட்டா வந்தா, "இன்னிக்கு கம்பெனில இன்னாவோ ஆபத்து கீது, அதான் கர்த்தர் என்ன நிறுத்தி வெக்கிறாரு"ம்பாரு. கரெக்டா வந்தா, "பாத்தியா, எனக்கோசரம் அனுப்பிகீறாரு"ம்பாரு. கரண்ட்டு போனா ஒரு அர்த்தம், வந்தா ஒரு அர்த்தம். கொழம்புல உப்பு கம்மின்னாக்கூட, "குப்பம்மா, உன் மனசுல இன்னாவோ மறைஞ்சிகினு கீது, ஜெபம் பண்ணு"ம்பாரு. அம்மா உப்பு டப்பாவ எடுத்தாந்து தட்டுக்குப் பக்கத்துல டங்குன்னு வெச்சிட்டுப் போய்டுவா.

இதெல்லாம் சிரிச்சிகினே கேட்டுகினு இருந்தவதான் நாகவல்லி. ப்ளஸ் டூ ரிசல்ட்டு வந்த வாரத்துலேந்து சிரிப்பு நின்னு போச்சு. ஏன்னா, கடவுள் அவ விஷயத்த நைனாகிட்ட பேச ஆரம்பிச்சிட்டாரு.

நைனா பேரு கஜபதி. அம்பத்தூர் எஸ்டேட்ல ஒரு கம்பெனில ஃபிட்டரு. முன்னெல்லாம் சம்பள நாளுன்னா ஊட்டுக்கு வரும்போது ஒரு கால்ல தான் செருப்பு இருக்கும். இன்னொரு செருப்பு பிராந்திக் கடைக்கும் ஊட்டுக்கும் நடுவுல எங்கனா கெடக்கும். அம்மா காலைல எழுந்து ரோடு ரோடா அத தேடிகினு போவா. அப்புறந்தான் யாரோ கம்பெனிக்காரர் அவர ஏரிக்கரை சபைக்கு இட்டுகினு போனாரு. அன்னிலேந்து குடி நின்னுச்சு. நெஜமாவே நின்னுச்சு. நாகவல்லி எத வோணா கிண்டல் பண்ணுவா, இத மட்டும் பண்ண மாட்டா. ரெண்டு கால்லயும் செருப்பு போட்டுகினு நைனா ஊட்டுக்கு வர்றத இப்பவும் வாசல்லயே நின்னு பாப்பா.

சபைக்கு நித்திய நிழல் ஜெபவீடுன்னு பேரு. மேல ஆஸ்பெஸ்டாஸ் சீட்டு. மே மாசம் உள்ள ஒக்காந்தா நிழல தேடணும், நித்தியம் மட்டும் கண்ணுக்கு நல்லா தெரியும். அங்க பாஸ்டர் பக்தவத்சலம். அவரு முன்னாடி ஆவடி மார்க்கெட்ல லாட்டரி சீட்டு வித்துகினு இருந்தவரு. "நாளைக்கு குலுக்கல், இன்னிக்கே வாங்கு, உன் நேரம் வந்துட்ச்சு!"ன்னு மைக்ல கூவுவாராம். அப்பால ரட்சிக்கப்பட்டாரு. சீட்ட வுட்டாரு, கொரல வுடல.

அவருதான் அவங்க மூணு பேருக்கும் ஏரில ஞானஸ்நானம் குடுத்தாரு. நாகவல்லி தண்ணில நிக்கறா, பாஸ்டரு பேரக் கேட்டாரு. சொன்னா. அவரு மொகம் மாறிப்போச்சு. "நாகமா? சர்ப்பத்த பேருல வெச்சிகினா தண்ணில எறங்கன?"ன்னு தலைய அமுக்கி எழுப்பும்போது எமீமாள்னு மாத்திட்டாரு. அது யோபுவோட பொண்ணு பேராம். ஸ்கூல்ல, ரேஷன் கடைல, தெருவுல எல்லாம் அவ நாகவல்லிதான். ஏரிக்கரைல சபை போர்டத் தாண்டி உள்ள போனா எமீமாள். அம்மாவுக்கும் எலிசபெத்துன்னு ஒரு பேரு ரெடியா வெச்சிருந்தாரு. அம்மா தல தொவட்டிகினே, "குப்பம்மான்னு கூப்டுங்க, திரும்பிப் பாப்பேன். வேற இன்னா கூப்ட்டாலும் எனக்கு காது கேக்காது"ன்னுட்டா.

அந்த சபைல இன்னொரு வழக்கம் கீது. பாஸ்டரு மூச்ச வுட்டா போதும், ஜனங்க ஆமென்னு சொல்லும். பிரசங்கத்துக்கு ஆமென், பாட்டுக்கு ஆமென். "வெளிய யாரோ ஒருத்தர் பிரதர் துலுக்கானத்தோட செருப்ப மாட்டிகினு போய்ட்டாங்க"ன்னு அறிவிப்பு சொன்னாக்கூட ஆமென்தான். துலுக்கானம் தாத்தாவுக்கு காது மந்தம். அவரும் சேந்து ஆமென்னுவாரு.

சரி, விஷயத்துக்கு வர்றேன்.

பாஸ்டரோட அக்கா புள்ள கலியமூர்த்தி. சபைல டிரம்ஸ் வாசிக்கிறவன். வயசு முப்பதத் தாண்டிச்சு. "முழுநேர ஊழியம்"னு சொல்லுவாங்க. அதாவது, வேல இல்ல. அவனுக்குப் பொண்ணு எமீமாள்தான்னு கர்த்தர் பாஸ்டருக்கு சொப்பனத்துல காட்டிட்டாராம். கோதுமை வயலாம், அதுல ரெண்டு கதிர் ஒன்னா சாஞ்சிகினு நின்னுச்சாம். திருநின்றவூர்ல கோதுமைய யார் பாத்தா? ரேஷன் கடை மூட்டைல பாத்ததோட சரி. நைனா அத கேட்டுட்டு கண்ணுல தண்ணி வுட்டுகினு ஊட்டுக்கு வந்தாரு.

"எமீமா, உன் வாழ்க்கைக்கு ஒரு திட்டம் வந்துகீதும்மா."

நாகவல்லிகிட்டயும் ஒரு திட்டம் இருந்துச்சு. பி.எஸ்சி. கெமிஸ்ட்ரி. ஸ்கூல் லேப்ல உப்பு பகுப்பாய்வு பண்றப்பதான் அவளுக்கு அந்தப் பித்து புடிச்சது. ஒரு வெள்ளப் பொடிய குடுப்பாங்க, அது இன்னான்னு கண்டுபுடிக்கணும். ஒன்னு ஊத்துனா வீழ்படிவு வரும், இன்னொன்னு ஊத்துனா நெறம் மாறும், சூடு காட்டுனா வாசன வரும். பொடி பொய் சொல்லாது. கெமிஸ்ட்ரில நல்ல மார்க்கும் வந்துச்சு. மிஸ்ஸு, "அப்ளிகேஷன் வாங்கிடுடி, லேட் பண்ணாத"ன்னு சொல்லிகினு இருந்தாங்க.

"நான் படிக்கறேனே நைனா."

"நீ சொல்றதா, நான் சொல்றதா? அவரு இன்னா சொல்றாருன்னு கேப்போம்." நைனா கோச்சிக்கல. அதான் கஷ்டமே. அவரு கோச்சிகினா அவ பதிலுக்குக் கத்தியிருப்பா. அவரு ரொம்ப மெதுவா, ஆசையா சொன்னாரு. "முன்காலத்துல ஒருத்தர் ஆட்டுத்தோல வெளிய போட்டு கேட்டாரும்மா. காலைல தோலு மட்டும் நனைஞ்சி, தரை காஞ்சி கெடந்தா, அதான் கர்த்தர் உத்தரவுன்னு. நாமளும் அப்டியே கேப்போம். நியாயம்தான?"

ஆட்டுத்தோலுக்கு எங்க போறது? பூந்தமல்லி கறிக்கடைல கேட்டா குடுப்பாங்க, நாறும். ஊட்ல ஆவடி பஜார்ல வாங்குன மிலிட்டரி கம்பளி ஒன்னு இருந்துச்சு. அதும் ஆட்டு மயிருதானன்னு பாஸ்டரும் சரின்னுட்டாரு.

நாகவல்லிக்கு உள்ளுக்குள்ள கொஞ்சம் தைரியம் வந்துச்சு. அக்கினி நட்சத்திரம். ராத்திரில மொட்டமாடில வேர்வ தான் ஊத்தும், பனி எங்க ஊத்தும்? கம்பளி எப்டி நனையும்? அவ சிரிச்ச மூஞ்சா, "சரி நைனா"ன்னுட்டா. நைனா சாயந்தரமே கம்பளிய மொட்டமாடில விரிச்சி, நாலு மூலைக்கும் செங்கல்லு வெச்சி, ஜெபம் பண்ணிட்டு எறங்கி வந்தாரு.

காலைல மேலேந்து ஒரு சத்தம். "ஸ்தோத்திரம்! ஸ்தோத்திரம்! எமீமா, ஓடியா!"

ஏறிப் பாத்தா, நைனா முட்டி போட்டுகினு கீறாரு. தரை பொரி மாதிரி காஞ்சி கெடக்குது. கம்பளி நடுவுல மொறம் அகலத்துக்கு ஈரம். நைனா அந்த ஈரத்த ரெண்டு கையாலயும் அள்ளி, கண்ணுல ஒத்திகினாரு. மொகத்துல ஒத்திகினாரு. "அப்பா, பிதாவே, இந்தப் பாவிக்கும் பதில் சொன்னியே"ன்னு தேம்பறாரு.

நாகவல்லி கம்பளிகிட்ட போனா. நெஜமாவே சொல்லிட்டாரா? அவ குனிஞ்சா. குனிஞ்சதும் மூக்குல சுருக்குன்னு ஒன்னு ஏறிச்சு. லேப்ல டெஸ்ட் ட்யூப சூடு பண்ணும்போது வருமே, கண்ண எரிக்கிற அந்த வாசன. அம்மோனியா.

பக்கத்து மாடிக்கும் இந்த மாடிக்கும் நடுவுல ஒரு முட்டி ஒசரச் செவுரு. அங்க துணி காயப் போட வந்த ரோஷன் பேகம் அம்மா எட்டிப் பாத்தாங்க. அவங்க ஊட்டுக் கடுவன் பூனையும் செவுத்து மேல குந்திகினு பாத்துச்சு.

நைனா கீழ ஓடிட்டாரு, கிண்ணம் எடுத்தார்றதுக்கு. முன்காலத்து ஆளு தோல பிழிஞ்சி கிண்ணத்துல புடிச்சாராம்.

"இன்னாடி நாகு, கம்பளிய இங்க போட்டு வெச்சிகீறீங்க?"ன்னு ரோஷன் பேகம் மூக்க பொத்திகினாங்க. "எங்க கடுவனுக்கு கம்பளின்னா உசுரு. எங்க ஊட்ல ஒரு ஸ்வெட்டர் பாக்கியில்ல. எல்லாத்துலயும் ஒன்னுக்கு போய்ட்டான். சோப்புத்தூள்ல ஊறப் போடு, வினிகர் கொஞ்சம் ஊத்து."

"ஆன்ட்டி, நைனாகிட்ட சொல்லுங்களேன்."

"நானா? உங்க சாமி விஷயம்மா இது. நான் சொன்னா நல்லாவா இருக்கும்?" அவங்க ஒரு கையால வாய பொத்திகினு, இன்னொரு கையால பூனைய ஒரு தட்டு தட்டிட்டு உள்ள போய்ட்டாங்க.

நாகவல்லியே சொன்னா. "நைனா, அது பூன..."

கம்பளிய முறுக்கிப் பிழிஞ்சிகினு இருந்த நைனா திரும்பிப் பாத்தாரு. பாவமா பாத்தாரு. "பாத்தியா? அற்புதம் நடந்த ஒடனே சாத்தான் வந்து உன் மூக்குல ஒக்காந்துகினான்."

அந்தக் கிண்ணம் சபைக்குப் போச்சு. சொல்லவே கூசுது. பாஸ்டரு அதுல வெரல நனைச்சாரு. அத கலியமூர்த்தி நெத்தில வெச்சாரு. "பரலோகப் பனி"ன்னாரு. கலியமூர்த்தி மூக்கு ஒரு தடவ சுருங்கிச்சு, கண்ணு நாகவல்லி பக்கம் திரும்பிச்சு, மறுபடியும் தரைய பாத்துச்சு. ஜனங்க ஆமென்னுச்சு.

அவ சும்மா வுடல. அன்னிக்கே பாஸ்டருகிட்ட கேட்டா. "பாஸ்டர், அந்தக் காலத்து ஆளு ரெண்டு தடவ கேட்டாருல்ல? ரெண்டாவது தடவ மாத்தி. தோலு காஞ்சி, தரை நனைஞ்சி."

பாஸ்டரு கொஞ்சம் யோசிச்சாரு. வேதத்துல கீது, இல்லன்னு சொல்ல முடியாது. "கேக்கலாம். தாராளமா கேக்கலாம்"னாரு.

இந்தத் தடவ கம்பளிய தொவச்சி, நாகவல்லியே காய வெச்சி, அவளே விரிச்சா. ரோஷன் பேகம் அம்மாகிட்ட சொல்லி கடுவன உள்ள போட்டு கதவ சாத்தச் சொன்னா. தரை எப்டி தானா நனையும்? நனையாது. நனையலன்னா கல்யாணம் இல்ல. அவ கணக்கு கரெக்டு.

அன்னிக்குன்னு பாத்து கோட மழ புடிச்சுகிச்சு. பட்டாபிராம்லேந்து இடி உருட்டிகினு வந்து, கூரைய பேத்துகினு போற மாதிரி கொட்டிச்சு. காலைல பாத்தா தரையும் நனைஞ்சிகீது, கம்பளியும் நனைஞ்சிகீது, செங்கல்லும் நனைஞ்சிகீது, ரோஷன் பேகம் அம்மா வெச்சிருந்த மொளகா வத்தலும் நனைஞ்சிகீது.

"கம்பளி காயலியே பாஸ்டர்"னா நாகவல்லி. கொரல்ல சந்தோஷத்த அடக்கிகினுதான் சொன்னா.

பாஸ்டரு கண்ண மூடுனாரு. தொறந்தாரு. லாட்டரி கொரல் வந்துச்சு. "மொத தடவ ஒன்னு நனைஞ்சது. ரெண்டாவது தடவ ரெண்டும் நனைஞ்சது. ஏன்? ரெட்டிப்பான ஆசீர்வாதம்! ஒத்தையா இருந்தவங்க ரெண்டா ஆவறாங்க!"

நைனா, "அடடா, இது எனக்குத் தோணலியே"ன்னு நெஞ்ச புடிச்சிகினாரு.

அப்பதான் நாகவல்லிக்கு ஒன்னு உறைச்சிது. லேப்ல ஒரு சோதன பண்ணா, 'கீது'ன்னும் வரலாம், 'இல்ல'ன்னும் வரலாம். வெள்ளையா வீழ்படிவு வந்தா குளோரைடு. வரலன்னா குளோரைடு இல்ல, அவ்ளோதான், அடுத்தத பாரு. 'இல்ல'ன்னு வர்றதுக்கு வழி இருந்தாத்தான் அதுக்குப் பேரு சோதன. இவங்க கேக்கற கேள்வில கடவுளுக்கு 'வேணாம்'னு சொல்ல ஒரு சந்து பொந்துகூட வெக்கல. நனைஞ்சாலும் சரி, காஞ்சாலும் சரி, மழ பேஞ்சாலும் சரி, பூன பேஞ்சாலும் சரி. பாவம், அவருதான் இன்னா பண்ணுவாரு?

இத கண்டுபுடிச்சதும் தைரியம் வந்துடணும்ல? வரல. பயம்தான் ஜாஸ்தியாச்சு. ஏன்னா அவ நம்பறவ. கிண்டல் பண்றவதான், ஆனா நம்பறவ. ஒருவேள பூனைய அனுப்பனதே அவரா இருந்தா? கடவுள் சொன்னத கேக்காம கப்பல்ல ஓடிப்போன ஆள மீனு முழுங்குச்சாம். திருநின்றவூர் ஏரில அவ்ளோ பெரிய மீனு கெடையாது. ஆனா லாரி கீது, லெவல் கிராஸிங் கீது, டைஃபாய்டு கீது. அவருக்கு மீனா பஞ்சம்? போர்வைக்குள்ள சுருண்டுகினு, "உனக்குப் புடிக்கலன்னா என்ன ஒன்னும் பண்ணிடாத, சொல்லிடு, நான் கேட்டுக்கறேன்"னு அழுவா. பதிலே வராது. வேர்வதான் வரும்.

சனிக்கெழம சாயந்தரம் சபைல பாய் விரிக்கற மொற அவளோடது. கலியமூர்த்தி டிரம்ஸ்ல ஆணி முடுக்கிகினு இருந்தான். நகக்கண்ணுல கிரீஸ் கருப்பு. வேற யாரும் இல்ல.

"சிஸ்டர்"னு கூப்ட்டான். கட்டிக்கப் போறவள சிஸ்டர்னு கூப்புடறான். சபை வழக்கம், இன்னா பண்றது? "சிஸ்டர், அன்னிக்கு நெத்தில வெச்சாரே. அது பூனையா, நாயா?"

நாகவல்லிக்கு சிரிப்பு பொத்துகினு வந்துடுச்சு. "பூன."

"நெனச்சேன். சோப்பு போட்டேன், போவவே இல்ல." அவன் சிரிக்கல. "உங்ககிட்ட அவரு எதுனா சொன்னாரா?"

"யாரு?"

மேல கைய காட்டுனான்.

"ஒன்னும் சொல்லல. உங்ககிட்ட?"

"எனக்கு இன்னா சொல்லப் போறாரு? எல்லாம் மாமாகிட்டதான் சொல்றாரு. எனக்குப் பொண்ணு பாத்தது, எனக்கு ஊழியம் குடுத்தது, எல்லாம் மாமா வழியாதான் வந்துச்சு. சென்னீர்குப்பத்துல ஹைவேஸ்ல ஒரு லாரி பட்டற கீது சிஸ்டர். திருட்டுத்தனமா போய் வேல கத்துகினு கீறேன். பட்டறக்காரரு, 'நீ வாடா, நான் பாத்துக்கறேன்'னு சொல்றாரு. மாமாவாண்ட சொன்னா, அடிமையா கெடந்த எகிப்துக்கே திரும்பிப் போறியாம்பாரு. சென்னீர்குப்பம் இன்னா எகிப்தா?"

"அப்ப உங்களுக்கும் இஷ்டமில்லியா?"

அவன் அவசரமா, "உங்கள கொற சொல்லல"ன்னான். "நீங்க சின்னப் பொண்ணு. படிக்கற பொண்ணு. ஒங்கள பாத்தா எனக்கு ட்யூஷன் டீச்சர பாக்கற மாதிரி கீது. பயமா கீது."

"அத மாமாகிட்ட சொல்லுங்களேன்."

"நீங்க சொல்லுங்களேன்."

அப்பால அவன் ஆணிய முடுக்கப் போய்ட்டான். அவ பாய விரிச்சா.

அன்னிக்கு சோறு வடிக்கும்போது அம்மாகிட்ட கேட்டா. "நான் வேணாம்னு சொன்னா, நைனா மறுபடியும் குடிப்பாராம்மா?"

குப்பம்மா கஞ்சிய சாச்சிகினே பேசுனா. "குடிச்சாலும் குடிப்பாரு. அவரு குடிக்காம இருக்கறதுக்கு நீ போய் ஒருத்தன் ஊட்ல ஒக்காரணும்னா, அது இன்னா ரட்சிப்பு? உன்ன அடகு வெச்சி அவரு நிக்கணுமா?" மூடிய நிமிர்த்தி வெச்சா. "நான் அவருக்கு செருப்பு தேடுன பொம்பள. எனக்கும் பயம் கீது. அதுக்காவ உன்ன தூக்கிக் குடுக்க சொல்றியா?"

"கடவுள் இஷ்டம் அதான்னா?"

"அவரு இஷ்டம்னா, அவருக்கு வாயி இல்லியா? உன்னாண்ட சொல்ல மாட்டாரா? உன் கல்யாணத்துக்கு பூனகிட்டயா சொல்லி அனுப்புவாரு?"

அம்மாவுக்கும் தெரிஞ்சிகீது! ரோஷன் பேகம் அம்மா தெரு பூரா சொல்லிட்டாங்க போல.

ஞாயித்துக்கெழம. பெரிய சபைங்கள்ல கல்யாணத்துக்கு முன்னாடி ஓல வாசிப்பாங்களே, மூணு ஞாயிறு, இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம், யாருக்கு தடைன்னாலும் சொல்லுங்கன்னு. நம்ம மாதிரி சீட்டுக் கூரை சபைல அதெல்லாம் கெடையாது. ஆனா பாஸ்டருக்கு பெரிய சபை மாதிரி பண்ணணும்னு ரொம்ப நாளா ஆச. தன் அக்கா புள்ளைக்காவது பண்ணிப் பாக்கலாம்னு ஆரம்பிச்சாரு. ஜிப்பா போட்டுகினு வந்து நின்னாரு. மொதல் ஓல.

"நம்முடைய சபையின் சகோதரன் கலியமூர்த்திக்கும், சகோதரர் கஜபதியின் குமாரத்தி எமீமாளுக்கும் கர்த்தருக்குச் சித்தமானால் விவாகம் நடக்க இருக்கிறது. இதுக்கு யாருக்காவது தடை இருந்தா, எழுந்து சொல்லலாம்."

சொல்லிட்டு ஒரு மூச்சு நிறுத்துனாரு. பெரிய சபைல அங்க நிறுத்துவாங்களாம். நிறுத்திட்டு அடுத்தது படிச்சிடுவாங்களாம். யாரும் எழ மாட்டாங்களாம்.

நாகவல்லி எழுந்தா. எழுந்தாளா, எதுனா எழுப்பிச்சான்னு அவளுக்கே தெரியல. பொம்பளைங்க பக்கம் பாய்ல அம்மா குனிஞ்சிகினு ஒக்காந்துகீறா. அவ கை மட்டும் நாகவல்லி பாவாட ஓரத்த புடிச்சிகினு கீது. இழுக்குதான்னு பாத்தா, இழுக்கல. சும்மா புடிச்சிகினு கீது.

"எனக்கு தடை கீது பாஸ்டர்."

பாஸ்டரு சிரிச்சாரு. "ஒக்காரும்மா. பொண்ணு சொல்லக்கூடாது. மத்தவங்கதான் சொல்லணும்."

"யாருக்காவதுன்னு சொன்னீங்க."

"அது வழக்கத்துக்கு சொல்றதும்மா..."

"எனக்கு இஷ்டமில்ல பாஸ்டர். நான் படிக்கப் போறேன். கர்த்தர் உங்களாண்ட சொன்னாரு, நைனாவாண்ட சொன்னாரு. என்னாண்ட சொல்லல. நான் தெனம் கேட்டேன். எனக்கு சொல்லாத ஒன்ன நான் எப்டி செய்றது?" கொரலு ஒடைஞ்சிடுச்சு. "எனக்கு பயமா கீது. ஆனா இஷ்டமில்ல."

சீட்டு மேல காக்கா நடக்கற சத்தம் கேக்குது. நைனா மொகத்த அவளால பாக்க முடியல.

அப்ப டிரம்ஸ் பக்கத்துலேந்து ஒரு சத்தம். முப்பது வயசுக்கு மேல ஆயி மொதல் தடவையா மாமாவ கேக்காம வாயத் தொறந்துட்டான் கலியமூர்த்தி.

"ஆமென்!"

அவ்ளோதான். பழக்க தோஷம். சபை பூரா, "ஆமென்!" துலுக்கானம் தாத்தா எல்லாத்துக்கும் பின்னாடி, கைய மேல தூக்கி, "ஆஆமென்! அல்லேலூயா!"

சொல்லிட்டுத்தான் ஜனங்க ஒருத்தர் மூஞ்ச ஒருத்தர் பாத்துச்சு. ஆனா சொன்னது சொன்னதுதான். பாஸ்டரு வாயி தொறந்தபடியே கீது. சபை மொத்தமா ஆமென் சொன்னத சாத்தான்னு சொல்ல முடியாது. சொன்னா, அடுத்த வாரம் யார் வருவா?

நைனா எழுந்தாரு. வெளிய போனாரு.

அன்னிக்கு பகல் பூரா அவரு ஊட்டுக்கு வரல. அம்மா சோத்த மூடி வெச்சா. நாகவல்லி வாசப்படில ஒக்காந்துகினு தெருவ பாத்துகினே இருந்தா. மீனு வந்துட்ச்சுன்னு நெனச்சா. அவ மேல பாயல, நைனா மேல பாஞ்சிடுச்சு. "அவர வுட்டுடு, நான் அந்த ஆளயே கட்டிக்கறேன், அவர மட்டும் வுட்டுடு"ன்னு ஒரு நேரம் வேண்டிகினா. அடுத்த நேரம், "இல்ல, அத மட்டும் கேக்காத"ன்னு மாத்தி வேண்டிகினா.

விளக்கு வெக்கற நேரத்துக்கு நைனா வந்தாரு. ரெண்டு கால்லயும் செருப்பு. நாகவல்லி கிட்டப் போய் நின்னா. வெக்கங்கெட்டு மோந்து பாத்தா. பிராந்தி இல்ல. ஏரிச் சேறு, பீடி, வேர்வ.

"ஏரிக்கரைல ஒக்காந்துகினு இருந்தேன்"னாரு. மகள பாக்கல. சட்டப் பொத்தான பாத்துகினு கேட்டாரு. "இதெல்லாம் கர்த்தர் ஏன் என்னாண்ட சொல்லல?"

"என்ன கேட்டிருந்தா நானே சொல்லியிருப்பேனே நைனா."

அவரு உள்ள போய் ஒக்காந்தாரு. அம்மா சோறு போட்டா. அன்னிக்கு உப்பு கம்மியா, ஜாஸ்தியா, ஒன்னும் பேசல. அப்பால ரெண்டு நாளு மகளோட பேசவே இல்ல. மூணாவது நாளு, "அந்த காலேஜு எங்க கீது?"ன்னு செவுத்தப் பாத்து கேட்டாரு.

பாஸ்டரு? அடுத்த ஞாயிறு அவரு சாட்சி சொன்னாரு. கோதுமை வயலுல ரெண்டு கதிர் சாஞ்சிதுல்ல? ஒன்னு கெழக்கால, இன்னொன்னு மேற்கால சாஞ்சிதாம். அப்பவே அவருக்கு லேசா ஒரு சந்தேகமாம். "கர்த்தர் முன்னமே எனக்குக் காட்டிட்டாரு, பிரியமானவர்களே!" ஜனங்க ஆமென்னுச்சு. கலியமூர்த்தி அன்னிக்கு வரல. சென்னீர்குப்பத்துல லாரிக்கு அடில படுத்துகினு இருந்தான்னு கேள்வி. டிரம்ஸ் வாசிக்க ஆள் இல்லாம பாட்டு தாளம் தப்பி ஓடிச்சு.

திங்கக்கெழம அம்மாவும் அவளும் அப்ளிகேஷன் வாங்க ரயிலு ஏறுனாங்க. நின்னுகினு போற கூட்டம். நாகவல்லி கம்பிய புடிச்சிகினு, கண்ண தொறந்தபடியே வேண்டிகினா. சபைல கத்துக் குடுத்த பாஷைல இல்ல. அவ பாஷைல.

"இது தப்புன்னா இப்பவே சொல்லிடு. நைனாவாண்ட வேணாம், பாஸ்டராண்ட வேணாம், என்னாண்ட சொல்லு. அப்பால சொல்லாத."

காது குடுத்து கேட்டா. கடலக்காரன் கூவுனான். ஒரு கொழந்த அழுதுச்சு. யாரோ அவ கால மிதிச்சிட்டு, "சாரிம்மா"ன்னாங்க. வேற ஒன்னும் வரல. அது சரின்னு அர்த்தமா, கேக்கலன்னு அர்த்தமா, அவளுக்குத் தெரியல. அர்த்தம் தேடவும் இல்ல. பயம் போவல. அண்ணனூர் ஸ்டேஷன் போச்சு.

"எறங்கறதுக்கு ரெடியாவுடி"ன்னா அம்மா.

"இன்னும் தூரம் கீதும்மா."

"இருக்கட்டும். கூட்டத்த பாத்தியா? இப்பவே கதவாண்ட போய் நில்லு."

நாகவல்லி ஆளுங்கள இடிச்சிகினு கதவாண்ட போய் நின்னா.